ஏழு பேரும் ஏறட்டும், பிறகு பேசலாம்

என் மைத்துனர் ஒரு கார் பைத்தியம். நாங்கள் மாருதி எர்டிகா வாங்கலாமா என்று யோசிப்பதைக் கேட்டதும், "அது வண்டியா மாமா? சக்கரம் வைத்த டிபன் கேரியர்" என்றார். கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அந்த உவமை பிடித்துப் போயிற்று. டிபன் கேரியர் மூன்று அடுக்கு, இந்த வண்டி மூன்று வரிசை. எந்த அடுக்கில் எதை வைப்பது என்று தெரியாதவர் கட்டினால் ரசம் பொரியலில் ஊற்றிக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் டிபன் கேரியருக்கும் குணம் உண்டு.

மைத்துனர் சொல்லும் குறை புதிதல்ல. குடும்ப வண்டிகளுக்கு உயிர் இல்லை, எல்லாம் ஒரே அச்சு, ஓட்டினால் சப்பென்று இருக்கும் என்று கார் பிரியர்கள் எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் குணம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் ஒன்று புரியும். அது எப்போதும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் ஒருவருடைய அனுபவம். இன்ஜின் உறுமல், வளைவில் சாயாமல் திரும்புவது, காலை அழுத்தினால் முதுகு சீட்டில் ஒட்டுவது. மற்ற ஆறு பேருக்கு அதில் பங்கில்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு அது வாந்தியாகத்தான் வந்து சேரும்.

எங்கள் வீட்டில் ஏழு பேர். நான், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர், அப்பா, அம்மா, எங்களோடு இருக்கும் அத்தை. ஊர் நாமக்கல். குலதெய்வம் கொல்லிமலையில் மாசி பெரியசாமி. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இருக்கும் பழைய வண்டி ஐந்து பேருக்கானது. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் பஸ்ஸில் போக வேண்டும், அல்லது சின்னவனை யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு இப்போது வயது பத்து. மடி தாங்காது.

அப்பா முப்பது வருடம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர். அவருக்கு ஒரே ஒரு விதிதான்: வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து விலை பேசாதே. லோடு ஏற்று, மேட்டில் நிறுத்து, அங்கிருந்து எடுத்துப் பார். இதைக் கார் ஷோரூமில் சொன்னபோது, டெஸ்ட் டிரைவுக்கு இரண்டு பேருக்கு மேல் ஏற்ற முடியாது என்றார்கள். ஏழு பேர் போகும் வண்டியை இரண்டு பேர் போய்ப் பார்த்து வாங்க வேண்டுமாம். அப்பா வெளியே வந்து, "மாட்டுக்குப் பல்லைப் பார்க்காமல் கொம்பைப் பார்க்கச் சொல்கிறார்கள்" என்றார்.

அதனால் வேறு வழி தேடினோம். எர்டிகாவும் டொயோட்டா இன்னோவா கிரிஸ்டாவும் டிராவல்ஸில் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டையும் வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுநர் இல்லாமல் எடுத்து, நானே ஓட்ட, ஏழு பேரும் மலையேறினோம். ரெனோ டிரைபர் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தது. கியா கேரன்ஸை மட்டும் ஷோரூம் வாசலில் நின்ற நிலையில் ஏறி இறங்கிப் பார்த்ததோடு சரி. ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதில் மலை இல்லை.

இந்த நான்கையும் பார்த்து முடித்தபோது எனக்குத் தோன்றியது இது. குடும்ப வண்டியின் குணம் அதன் இன்ஜினில் இல்லை. குடும்பம் என்றால் என்ன, அதில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அந்த வண்டியைச் செய்தவர்கள் நினைத்தார்களோ, அந்த நினைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பிறக்கிறது. உங்கள் குடும்பம் அதுதானா என்பதுதான் கேள்வி.

டிரைபரை எடுத்துக்கொள்வோம். நாங்கள் பார்த்ததன் நீளம் 3,990 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் குறைவு. அந்தப் பத்து மில்லிமீட்டரை வடிவமைப்பாளர் விட்டுவைக்கவில்லை, வரித்துறை விட்டுவைத்தது. நான்கு மீட்டருக்குள் இருந்து சிறிய இன்ஜின் வைத்திருந்தால் வரி குறைவு என்ற ஏற்பாடு 2006 பட்ஜெட்டில் தொடங்கி இன்றுவரை வேறு வேறு உருவில் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இப்படிப்பட்ட சிறிய வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40 சதவீதம். நான்கு மீட்டருக்குள் ஏழு சீட் என்பது கேட்பதற்கு நடக்காத காரியம் போல இருக்கும். ஒரகடத்தில் செய்யும் இந்த வண்டி அதை நடத்திக் காட்டியிருக்கிறது. விலை சுமார் 6 லட்சத்தில் தொடங்குகிறது. இந்த விலைக்கு ஏழு சீட் கிடைப்பது அரிது.

எப்படிச் சாதித்தார்கள்? கடைசி வரிசைச் சீட்டுகள் இரண்டையும் தனித்தனியாகக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். கழற்றினால் டிக்கி 625 லிட்டர், ஒரு சின்னக் கடைக்குச் சரக்கு ஏற்றலாம். மாட்டினால் 84 லிட்டர், இரண்டு பள்ளிப் பைகளுக்கு மேல் வைப்பது கஷ்டம். அதாவது டிரைபர் மனத்தில் வைத்திருக்கும் குடும்பம் ஐந்து பேர் கொண்டது. ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் தீபாவளிக்கு வருவார்கள், அப்போது அந்தச் சீட்டுகளை மாட்டிக்கொள்வார்கள். மாமனார் வீட்டில் மடக்குக் கட்டிலை எடுத்துப் போடுவது போன்ற அன்பு அது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் எங்கள் வீட்டில் விருந்தாளி யாரும் இல்லை, ஏழு பேரும் வீட்டுக்காரர்கள். மடக்குக் கட்டில் தினமும் போட்டால் முதுகு வலிக்கும்.

இன்னொன்று இழுவை. டிரைபரில் ஒரு லிட்டர் இன்ஜின், மூன்று சிலிண்டர், 72 குதிரைத்திறன். இங்கே அப்பாவின் லாரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால் ஏழு பேர் 420 கிலோ. வண்டியோடு சேர்த்து டிரைபர் சுமார் 1,370 கிலோ, எர்டிகா சுமார் 1,600 கிலோ, கிரிஸ்டா 2,250 கிலோவுக்குப் பக்கம். மலை ஏற உதவுவது இழுவிசை, அதாவது டார்க். டிரைபரில் 96 நியூட்டன் மீட்டர், எர்டிகாவில் 137, கிரிஸ்டா டீசலில் 343. ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்தால் டிரைபருக்கு 70, எர்டிகாவுக்கு 86, கிரிஸ்டாவுக்கு 152. இந்த மூன்று எண்களைப் பார்த்த அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சமவெளியில் சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வருகிறவர்களுக்கு இந்த எண்கள் பெரிய விஷயமில்லை. மலைமேல் குலதெய்வத்தை வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

இந்தக் கணக்கில் கிரிஸ்டாவுக்குத்தான் முதலிடம் என்பது தெரிந்ததுதான். ஆனால் கிரிஸ்டாவைப் புரிந்துகொள்ள அதன் பூர்வீகம் தெரிய வேண்டும். டொயோட்டா 1977-ல் இந்தோனேசியாவுக்காகக் 'கிஜாங்' என்று ஒரு வண்டி செய்தது. கிஜாங் என்றால் மான் வகை. முதலில் அது பொதி சுமக்கும் வண்டி. பிறகு ஆள் ஏற்றினார்கள், கதவு வைத்தார்கள், ஏசி வைத்தார்கள். நம் ஊருக்கு 2000-ல் அது குவாலிஸ் என்ற பெயரில் வந்தது. 2005-ல் இன்னோவா. 2016-ல் கிரிஸ்டா. இன்றும் அடியில் லாரிக்கு இருப்பது போன்ற சேஸிஸ் என்னும் இரும்புச் சட்டம், இன்ஜின் முன்னால், உந்துவது பின்சக்கரம். அப்பா குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "நம்ம ஆள்" என்றார். நாமக்கல்காரருக்கு அதற்கு மேல் பாராட்டு தெரியாது.

மலையில் அது ஏறிய விதத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து, வேகத்தைக் குறைத்து இரண்டாவதில் போட்டு எடுத்தபோது, வண்டி முனகவே இல்லை. ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. கூரையில் வரிசைதோறும் காற்று வரும் வழி இருப்பதால் கடைசிச் சீட்டிலும் குளிர். நாற்பதாவது வளைவில் சின்னவன் தூங்கிவிட்டான். எங்கள் குடும்ப வரலாற்றில் கொல்லிமலை ஏறும்போது எலுமிச்சம்பழத்தை யாரும் முகராத நாள் அது ஒன்றுதான்.

அப்படியானால் ஏன் யோசனை? இருக்கை அமைப்பைப் பாருங்கள். ஏழு சீட் கிரிஸ்டாவில் முன்னால் இரண்டு, நடுவில் தனித்தனியாகக் கைப்பிடி வைத்த இரண்டு சீட், பின்னால் மூன்று. நடுவில் இருக்கும் அந்த இரண்டும் சிம்மாசனம். வண்டியின் மொத்த மரியாதையும் அங்கேதான் குவிந்திருக்கிறது. ஓட்டுபவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறார், முக்கியமானவர் நடுவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், உடன் வந்தவர்கள் பின்னால் இருக்கிறார்கள் என்று அந்த வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. மாவட்டச் செயலாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் கல்யாண வீட்டு சம்பந்திகளுக்கும் இன்னோவா ஏன் அப்படிப் பொருந்தியது என்று இப்போது புரிகிறது. தமிழ்நாட்டில் ஒரு கட்சி தன் மேடைப் பேச்சாளருக்கு இன்னோவா கொடுத்து, அதுவே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். எனக்குத் தெரிந்து வேறு எந்தக் குடும்ப வண்டியின் பெயரும் இப்படி அரசியல் வழக்கில் புகுந்ததில்லை. குணம் இல்லாத பொருளுக்கு அது நடக்குமா?

எங்கள் வீட்டில் அந்த அமைப்பு எப்படி விழுந்தது என்றால், நான் ஓட்ட, அப்பா முன்னால், அம்மாவும் அத்தையும் சிம்மாசனத்தில், என் மனைவி இரண்டு பிள்ளைகளோடு கடைசி வரிசையில். இறங்கும்போது, "வண்டி எப்படி?" என்று கேட்டேன். "அவர்களைக் கேளுங்கள்" என்று முன்னால் கை காட்டினாள். எட்டு சீட் வகை எடுத்தால் நடுவில் மூன்று பேர் உட்காரலாம், சிக்கல் தீரும். ஆனால் அப்போது சிம்மாசனம் பெஞ்சாகிவிடும். அவ்வளவு பணம் கொடுத்துப் பெஞ்சு வாங்குவதா என்பது அம்மாவின் கேள்வி.

படியும் உயரம். சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்திருப்பதால் தரை மேலே போய்விடுகிறது. அம்மாவுக்கு வலது முழங்கால் வலி. முதலில் இடது காலைத் தூக்கி வைத்தார். ஒரு கையில் சேலைக் கொசுவம், மறு கையால் தூணில் இருந்த கைப்பிடியைப் பற்றினார். ஒரு நொடி அப்படியே நின்று மூச்சை இழுத்து மேலே வந்தார். உட்கார்ந்த பிறகு, "பஸ்ஸில் ஏறுவது போல இருக்கிறது, ஆனால் ரோடு முழுக்கத் தெரிகிறது" என்றார். இரண்டும் உண்மை. எர்டிகாவில் அதே அம்மா திரும்பி உட்கார்ந்துவிட்டுக் கால்களை உள்ளே எடுத்துக்கொண்டார். வீட்டுத் திண்ணையில் உட்காருவது போல. மூத்தவர்கள் இருக்கும் வீட்டில், விலைப் பட்டியலில் இல்லாத இந்தச் சில அங்குல வித்தியாசம் மைலேஜை விடப் பெரியது.

இதற்கு மருந்தாக வந்ததுதான் ஹைகிராஸ் என்று சொல்லலாம். 2022 இறுதியில் வந்தது. பெயரில் இன்னோவா உண்டு, அடியில் அந்த லாரி சேஸிஸ் இல்லை. முன்சக்கர உந்துதல், பெட்ரோல் அல்லது மின்மோட்டாரும் சேர்ந்த பெட்ரோல் ஹைப்ரிட், டீசலே கிடையாது. உள்ளே இடம் இன்னும் அதிகம். நல்ல வண்டி. ஹைப்ரிட் வகையின் விலையைக் கேட்டதும் நாங்கள் காபி குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

கேரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. 2022-ல் வந்தது, அனந்தபூரில் செய்கிறார்கள். நீளம் 4,540 மில்லிமீட்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,780, அதாவது தன்னைவிட நீளமான கிரிஸ்டாவை விட 30 மில்லிமீட்டர் அதிகம். அந்த இடம் உள்ளே கால் நீட்டத் தெரிகிறது. டீசலும் உண்டு, 116 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் எர்டிகாவைத் தூக்கிச் சாப்பிடும் எண்கள். பொத்தானை அழுத்தினால் நடுச் சீட் தானாக மடிந்து எழுந்து வழிவிடுகிறது. சின்னவன் அதை ஆறு முறை அழுத்தினான், விற்பனையாளர் முகம் மாறுவதற்குள் கூட்டி வந்துவிட்டேன். கேரன்ஸ் நினைக்கும் குடும்பத்தில் தலைவரே வண்டி ஓட்டுகிறார், அவருக்கு ஓட்டுவதில் ஆசையும் இருக்கிறது. 160 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் வேறு வைத்திருக்கிறார்கள். என் மைத்துனர் போன்றவர்களுக்குக் குழந்தை பிறந்தபின் வாங்க வேண்டிய வண்டி இதுதான். ஆனால் நமக்கு வேண்டிய டீசலும் வசதிகளும் சேர்ந்த வகைக்குப் போனால் விலை கிரிஸ்டாவின் கதவைத் தட்டத் தொடங்குகிறது.

இனி டிபன் கேரியர்.

எர்டிகா என்ற பெயருக்கு என்ன பொருள் என்று மைத்துனருக்குத் தெரியாது. 'ஆர்-டிகா' என்பதைச் சேர்த்துச் சொன்னது அது. 'டிகா' என்றால் இந்தோனேசிய மொழியில் மூன்று. ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து 'ஆர்'. மூன்று வரிசை, அவ்வளவுதான் பெயர். மற்ற நிறுவனங்கள் புயல், மலை, மிருகம், காட்டுத் தெய்வம் என்று பெயர் தேடிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல வெட்டிவிட்டார்கள். இந்தியாவுக்கு 2012 ஏப்ரலில் வந்தது. இப்போது இருக்கும் உருவம் 2018 இறுதியில் வந்தது, 2022-ல் இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியரையும் மாற்றினார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட வேண்டும். மாருதியின் இதே எர்டிகா இந்தியாவில் 2023 முதல் டொயோட்டா ரூமியன் என்ற பெயரிலும் விற்கிறது. அதே ஆண்டு டொயோட்டாவின் ஹைகிராஸ் மாருதி இன்விக்டோ ஆனது. இரண்டு வீட்டாரும் பிள்ளைகளை மாற்றித் தத்துக் கொடுத்துக்கொண்டார்கள். வண்டியின் குணம் முன்னால் இருக்கும் சின்னத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த நால்வரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

எர்டிகாவில் உட்காரும் வரிசை இரண்டு, மூன்று, இரண்டு. நானும் அப்பாவும் முன்னால். நடுவில் அம்மா, மனைவி, அத்தை. பின்னால் பிள்ளைகள். யாரும் யாரையும் கேட்கவில்லை, தானாக அமைந்தது. பெரியவர்கள் நடுவில், குழந்தைகள் பின்னால் என்று இந்த வண்டி நினைக்கிறது. எங்கள் வீடும் அப்படித்தான் நினைக்கிறது. பந்தியில் இலை போட்டாலும் நாங்கள் இப்படித்தான் உட்காருவோம்.

கடைசி வரிசையில் நானே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். தரைக்கும் சீட்டுக்கும் உயரம் குறைவு, அதனால் முழங்கால் சற்று மேலே வரும். என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், தலை இடிக்கவில்லை. நடுச் சீட்டைச் சற்று முன்னால் நகர்த்தச் சொன்னால் கால் வைக்க இடம் கிடைக்கிறது. நகர்த்த மறுப்பவர் நடுவில் இருந்தால் உங்கள் பாடு அவ்வளவுதான். இந்த வண்டியில் இடம் என்பது பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். பிள்ளைகள் இன்னும் ஐந்தாறு வருடம் அங்கே சுகமாக இருப்பார்கள். அதற்குப் பிறகு பெரியவன் என் உயரத்தைத் தாண்டிவிடுவான், அப்போது வேறு கணக்கு.

மலையில் எர்டிகா ஏறியது. அதைச் சொல்வதற்கு உற்சாகமான வார்த்தை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் கியர் வளைவில் இரண்டாம் கியர் கேட்டது, கொடுத்தோம். கிரிஸ்டாவில் பேசிக்கொண்டே ஏறினேன், எர்டிகாவில் பேச்சை நிறுத்திவிட்டுக் கியரைக் கவனித்தேன். 103 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜினிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. ஆனால் நீளம் சுமார் 4.4 மீட்டர்தான். கிரிஸ்டாவை விடச் சுமார் ஓர் அடி கட்டை. மேலிருந்து பஸ் இறங்கி வரும் வளைவில் ஒதுங்கி நிற்கும்போது அந்த அளவு மிச்சம் தெரிந்தது. நாமக்கல் கடைவீதியில் இன்னும் நன்றாகத் தெரியும்.

டிக்கி ஏழு பேரும் இருக்கும்போது 209 லிட்டர். பொங்கல் பானை, அரிசி வெல்லம் வைத்த சாக்குப் பை, அம்மாவின் துணிப்பை, நான்கு தண்ணீர் பாட்டில் வைத்ததும் நிறைந்தது. விறகு மேலே போய் வாங்கிக்கொண்டோம். கிரிஸ்டாவில் விறகும் ஏறியிருக்கும். சிஎன்ஜி எர்டிகா வேண்டும் என்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ வாயுவுக்கு 26 கிலோமீட்டர் என்று கம்பெனி சொல்கிறது, கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் சிலிண்டர் அந்த டிக்கியில்தான் உட்காரும். ஏழு பேரும் பானையும் சிலிண்டரும் சேர்ந்து போக முடியாது. பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு போகிற காலத்துக்கு நாங்கள் திரும்பத் தயாராக இல்லை.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. வண்டிகளை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் சோதனையில் எர்டிகாவுக்கு 2019-ல் 3 நட்சத்திரம், டிரைபருக்கு 2021-ல் 4, கேரன்ஸுக்கு 2022-ல் 3. பிறகு சோதனை முறையைக் கடுமையாக்கினார்கள். 2024-ல் ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போகும் எர்டிகாவைச் சோதித்தபோது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 1 நட்சத்திரம்தான் கிடைத்தது. 2025-ல் இந்தியாவில் எர்டிகாவுக்கும் டிரைபருக்கும் எல்லா வகைகளிலும் 6 ஏர்பேக் வந்துவிட்டது, கேரன்ஸில் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஏர்பேக் எண்ணிக்கை மட்டும் உடம்பைக் காப்பாற்றாது. வண்டிக் கூட்டின் உறுதியும் வேண்டும். இந்த இடத்தில் எர்டிகாவைப் பற்றி எனக்கு நிம்மதி இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை என்பது ஆறுதல்தானே தவிர, பதில் ஆகாது.

பணக் கணக்கில் எல்லாரும் மைலேஜிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுவோம். எர்டிகா லிட்டருக்கு 15, கிரிஸ்டா 12 கொடுக்கும் என்று வைத்தேன். கம்பெனி எர்டிகாவுக்கு 20-க்கு மேல் சொல்கிறது, அது ஏழு பேரையும் மலையையும் பார்க்காத எண். பெட்ரோல் 800 லிட்டர், டீசல் 1,000 லிட்டர். நான் கணக்குப் போட்டபோது இருந்த விலையில் சுமார் 81,000 ரூபாய்க்கு எதிராகச் சுமார் 93,000. வித்தியாசம் மாதம் ஆயிரம் ரூபாய். இதற்காகவா இத்தனை வாதம்?

உண்மையான பள்ளம் வாங்கும் விலையில் இருக்கிறது. எர்டிகா 9 லட்சத்தை ஒட்டித் தொடங்குகிறது, கிரிஸ்டா 18 லட்சத்துக்கு மேல். அதன்மேல் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. 2023 நவம்பரில் மாற்றியமைத்தபடி, 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இதில் ஒரு பொறி இருக்கிறது. 9.9 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம். 10.1 லட்சம் வண்டிக்குச் சுமார் 1 லட்சத்து 82 ஆயிரம். விலையில் 20,000 ரூபாய் ஏறினால் வரியில் 53,000 ஏறுகிறது. எர்டிகாவின் வகைகள் சரியாக இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. விற்பனையாளர் "ஒரே ஒரு படி மேலே போங்கள் சார், அலாய் வீல் வரும்" என்று சொல்லும்போது ஷோரூம் விலையைக் கேட்காதீர்கள், வரியும் சேர்ந்த ஆன்ரோடு விலையைக் கேளுங்கள்.

ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு, அதை யாரும் கார் ஒப்பீடுகளில் எழுதுவதில்லை. பழைய வண்டியையே வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஆறேழு முறை எட்டு சீட் இன்னோவாவை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுப்பது. கணக்குப் போட்டால் இதுதான் மலிவு, சந்தேகமே இல்லை. மலைக்கு நல்ல வண்டியும் கிடைக்கும், எனக்கும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கக் கிடைக்கும். கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். அத்தைதான் மறித்தார். "வாடகை வண்டி என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் கண்ணு. எனக்கு மோகனூர் போக வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கே தோன்றும்." மோகனூர் 20 கிலோமீட்டர்கூட இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அத்தைக்குப் பார்க்க வேண்டும். தனியாகப் போக மாட்டார், எல்லாரும் வர வேண்டும். இப்படிப்பட்ட பயணங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். மலைக்கு வருடத்தில் மூன்று முறைதான் போகிறோம். மோகனூர், பரமத்தி, சேலத்தில் சின்னம்மா வீடு என்று ஏழு பேரும் கிளம்புவது மாதம் மூன்று முறை.

மூன்று நாள் மலைக்காக முந்நூறு நாள் உயரமான படியையும், பத்து லட்சத்துக்கு மேல் கூடுதல் கடனையும் ஏறி இறங்க வேண்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்குக் கிரிஸ்டாவின் சேஸிஸை விட மனமில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், "சின்ன லாரிக்கும் பர்மிட் உண்டு" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எர்டிகா, பெட்ரோல், கைக்கியர், அந்தப் பத்து லட்சக் கோட்டுக்குக் கீழே நிற்கும் வகை. டயரையும் பேட்டரியையும் எங்கே மாற்றுவது என்று யோசிக்க வேண்டாம். நாமக்கல்லில் எந்தத் தெருவிலும் அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். உங்கள் வீட்டில் எப்போதும் நான்கு பேர், எப்போதாவது கூடுதலாக மூவர் என்றால் டிரைபரே போதும், மீதிப் பணத்தை வங்கியில் போடுங்கள். வாரம் ஒருமுறை மலையேறுபவர், அல்லது ஓட்டுநர் வைத்திருப்பவர், பழைய கிரிஸ்டா நல்ல நிலையில் கிடைத்தால்கூட யோசிக்காமல் எடுக்கலாம்.

மைத்துனருக்குப் போனில் சொன்னேன். சிரித்தார். பிறகு, அடுத்த மாதம் அவர் மனைவிக்குச் சீமந்தம், எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போக அந்த டிபன் கேரியர் அதற்குள் வந்துவிடுமா என்று கேட்டார். வெள்ளை நிறம் என்றால் சீக்கிரம் கிடைக்கும் என்றார்கள். அம்மாவுக்கு வெள்ளை வேண்டாமாம், டாக்சி போல இருக்குமாம். அத்தை மட்டும் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரிசையின் இடப்பக்க ஜன்னல் தனக்குத்தான் என்று சின்னவனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.